மறைத்து முடிவெடுக்க வேண்டாம், தெரிந்து முடிவெடுப்போம்

மார்பக அறுவை சிகிச்சை: என்னென்ன வழிகள், எதை எதிர்பார்க்கலாம்?

(நம் சங்கத்தின் மகளிர் குழு சமுதாயக் கூடத்தில் நடத்திய ஞாயிறு கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற அறுவை அரங்குச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. ஷிப்ட் காரணமாக வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)



முழங்கால் வலி, தைராய்டு என்று பேசிய இந்தக் கூடத்தில் இன்று மார்பகத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். இந்தத் தலைப்பை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா வேண்டாமா என்று குழுவில் ஒரு பேச்சு வந்ததாம். ஒட்டியது நல்லது. ஏனென்றால் நாம் பேசாமல் இருந்தாலும் நம் போன் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. "ஒரே நாளில் வீடு திரும்பலாம்", "இ.எம்.ஐ. வசதி உண்டு", "தழும்பே தெரியாது" என்ற விளம்பரங்கள் வயதுக்கு வந்த பெண் முதல் பேரன் எடுத்த அம்மா வரை எல்லோருடைய போனுக்கும் வருகின்றன.

செய்துகொள்ளுங்கள் என்றோ செய்யாதீர்கள் என்றோ சொல்ல நான் வரவில்லை. அது அவரவர் உடம்பு, அவரவர் முடிவு. அறுவை அரங்கில் பல வருடம் நின்றவள் என்ற முறையில் ஒன்றே ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் செய்ய நினைப்பவர் யாரிடமும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்காதவருக்குத்தான் இந்தச் சிகிச்சையில் ஆபத்து அதிகம்.

இது யாருக்கு, எதற்கு?

"இதெல்லாம் சினிமாக்காரர்கள் சமாச்சாரம்" என்று நினைப்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு மார்பகச் சீரமைப்பையும் பெரிதாக்கும் சிகிச்சையையும் இலவசமாகத் தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. அப்போது சி. விஜயபாஸ்கர் சுகாதாரத் துறை அமைச்சர். பணம் இருப்பவருக்குக் கிடைப்பது இல்லாதவருக்கும் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கடன் வாங்கியோ அரைகுறை இடங்களுக்குப் போயோ மாட்டிக்கொள்வார்கள் என்பது அரசுத் தரப்பின் வாதம். உயிர் காக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டிய பணத்தை அழகுக்குச் செலவிடலாமா என்று எதிர்த்தவர்களும் உண்டு. வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட அதைச் செய்தியாக்கின.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த விவாதத்தால் ஒரு நல்லது நடந்தது. இப்படி ஒரு தேவை சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்கும் உண்டு என்பது வெளியே வந்தது. மார்பக அறுவை சிகிச்சைக்கு வருபவர்கள் பல ரகம். புற்றுநோயால் ஒரு மார்பை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பிறவியிலேயே ஒரு பக்கம் வளராமல் போனவர்கள், இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். தீக்காயம் பட்டவர்கள், பால் கொடுத்து முடித்தபின் மார்பு வற்றித் தொய்ந்துபோனவர்கள், திருநங்கைகள், எந்த நோயும் இல்லாமல் "எனக்கு இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று நினைப்பவர்கள் என எல்லோரும் வருகிறார்கள். இதற்கு நேர் எதிராக, மார்பின் பாரத்தால் தோளும் முதுகும் வலிக்கிறது, சிறிதாக்குங்கள் என்று வருபவர்களும் உண்டு. இவர்களில் யாரையும் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

சிலிக்கான் வந்த கதை

மார்பைப் பெரிதாக்கும் முயற்சி புதிதல்ல. 1895-இல் ஜெர்மனியில் செர்னி என்ற அறுவை மருத்துவர், கட்டி எடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் மார்புக் குழியை நிரப்ப, அவருடைய இடுப்புப் பக்கத்தில் இருந்த கொழுப்புக் கட்டியையே எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு பாரபின் மெழுகை ஊசி போட்டார்கள், திரவ சிலிக்கானை ஊசி போட்டார்கள். இரண்டும் மார்பைக் கல்லாக்கிப் புண்ணாக்கின. இன்றும் "கத்தியே வேண்டாம், ஊசி மட்டும் போதும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மார்பைப் பெரிதாக்க சிலிக்கானையோ முகத்துக்குப் போடும் ஃபில்லரையோ ஊசியாகப் போடக் கூடாது என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. தெளிவாகவே எச்சரித்திருக்கிறது.

ஜெல் அடைத்த சிலிக்கான் பையை முதன்முதலில் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். இதைத்தான் இம்ப்ளான்ட் என்கிறோம். முப்பது வருடம் கழித்து 1992-இல், இதன் பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எஃப்.டி.ஏ. சிலிக்கான் ஜெல் பைகளை நிறுத்தி வைத்தது. சீரமைப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டும் ஆய்வின் பேரில் அனுமதித்தது. ஆய்வுகளுக்குப் பிறகு 2006-இல் மீண்டும் பொது அனுமதி கொடுத்தது.

அடுத்த கதையைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பிரான்ஸில் பி.ஐ.பி. என்று ஒரு கம்பெனி. மருத்துவத்துக்கான சிலிக்கானுக்குப் பதிலாக, தொழிற்சாலைக்குப் பயன்படும் மலிவான சிலிக்கானைப் பையில் அடைத்து உலகம் முழுக்க விற்றது. பைகள் அதிகமாகக் கிழிகின்றன என்று 2010-இல்தான் பிரெஞ்சு அரசு விற்பனையை நிறுத்தியது. அதற்குள் சுமார் 3 லட்சம் பெண்களின் உடம்பில் அது இருந்தது. நிறுவனருக்கு 2013-இல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. செய்தி வெளியான அன்று இம்ப்ளான்ட் வைத்திருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரே கேள்விதான்: "எனக்குள் இருப்பது எந்தக் கம்பெனி?" கையில் அட்டை இருந்தவர் ஒரு நிமிடத்தில் தெரிந்துகொண்டார். ரகசியமாகச் செய்து அட்டையைத் தூக்கிப் போட்டவர் என்ன செய்வார்? சிப்காட்டில் வேலை பார்க்கும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. பாட்ச் நம்பர் இல்லாத உதிரிபாகத்தை நம் லைனில் ஏற்றுவோமா? உடம்புக்குள் வைப்பதற்கு அதைவிடக் கறாராக இருக்க வேண்டாமா?

என்னென்ன வழிகள்?

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதுவும் ஒரு முழுமையான முடிவுதான். நல்ல அளவில் பேட் வைத்த பிரா பலருக்குப் போதும். புற்றுநோய்க்குப் பிறகு மார்பு வடிவில் வெளியே வைத்துக்கொள்ளும் செயற்கை மார்புகளும் உண்டு. ஆனால் கிரீம், மாத்திரை, எண்ணெய், பம்ப் எதுவும் மார்பை நிரந்தரமாகப் பெரிதாக்காது. உடற்பயிற்சி மார்புக்கு அடியில் உள்ள தசையை வலுவாக்கும், மார்பை வளர்க்காது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

இரண்டாவது வழி இம்ப்ளான்ட். வெளி உறை எல்லாவற்றுக்கும் சிலிக்கான்தான், உள்ளே நிரப்புவதுதான் வேறு. சிலிக்கான் ஜெல் தொட்டால் இயற்கையாகத் தெரியும். ஆனால் கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம், ஸ்கேனில்தான் தெரியும். உப்புநீர் நிரப்பியது கிழிந்தால் மார்பு சுருங்கிவிடும், உடனே தெரியும். நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் மெலிந்தவர்களுக்குச் சுருக்கம் சுருக்கமாகக் கைக்குத் தட்டுப்படலாம். உறையில் வழவழப்பானது, சொரசொரப்பானது என்று இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன். பையைத் தசைக்கு மேலேயும் வைக்கலாம், கீழேயும் வைக்கலாம். வெட்டு மார்பின் அடி மடிப்பிலோ, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ வரும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் உடல்வாகு, தோல், தசையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். விளம்பரப் படம் சொல்லக் கூடாது.

மூன்றாவது, உங்கள் கொழுப்பையே எடுத்து வைப்பது. வயிறு அல்லது தொடையில் இருந்து உறிஞ்சி எடுத்துச் சுத்தப்படுத்தி மார்பில் செலுத்துவார்கள். அந்நியப் பொருள் இல்லை என்பது நல்ல விஷயம். ஆனால் வைத்த கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும். சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய வேண்டி வரும். அளவு கொஞ்சம்தான் கூடும். ஒல்லியானவர்களுக்கு எடுக்கக் கொழுப்பே இருக்காது. சில சமயம் சின்னச் சின்னக் கட்டியும் சுண்ணாம்புப் படிவும் உண்டாகும். மேமோகிராம் எடுக்கும்போது இதைச் சொல்லாவிட்டால் வீண் பயம், வீண் பயாப்சி.

நான்காவது, தொய்வை நிமிர்த்தும் அறுவை. குழந்தை பெற்ற பல பெண்களுக்கு உண்மையான பிரச்சினை அளவு அல்ல, தொய்வு. தொய்ந்த மார்புக்குள் பை மட்டும் வைத்தால் பாரம் கூடி இன்னும் இறங்கும். அதனால் "எனக்கு வேண்டியது பெரிதாக்குவதா, நிமிர்த்துவதா?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நிமிர்த்துவதில் தழும்பு அதிகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, புற்றுநோய்க்குப் பிறகான மறுசீரமைப்பு. இதை இம்ப்ளான்ட் வைத்தும் செய்யலாம், வயிறு அல்லது முதுகில் இருந்து தோலும் கொழுப்பும் தசையும் எடுத்தும் செய்யலாம். மார்பை எடுக்கும் அன்றே செய்யலாம், சிகிச்சை எல்லாம் முடிந்தபின்னும் செய்யலாம். மார்பை எடுக்க வேண்டும் என்று சொன்னால், எடுப்பதற்கு முன்பே "மறுசீரமைப்பு செய்ய முடியுமா?" என்று கேட்க வேண்டும். பல பெண்கள் அந்த நேரத்தில் உயிர் பிழைத்தால் போதும் என்று கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். கேட்பது பேராசை அல்ல.

அறுவைக்கு முன்

இருபது வயதுப் பெண்களின் அம்மாக்கள் இதைக் கவனியுங்கள். அழகுக்காகச் செய்வதென்றால் உப்புநீர்ப் பைக்கு 18 வயதும் சிலிக்கான் ஜெல்லுக்கு 22 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது எஃப்.டி.ஏ. வைத்திருக்கும் வரம்பு. மார்பு வளர்ந்து முடியும் முன் கத்தி வைப்பது சரியல்ல. கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் கூடாது. பால் நிறுத்திச் சில மாதம் கழித்து, மார்பு தன் நிலைக்கு வந்தபின்தான் அளவே எடுக்க முடியும். சீக்கிரமே இன்னொரு குழந்தை வேண்டும் என்று திட்டம் இருந்தால், அது முடியும் வரை பொறுத்திருப்பது புத்திசாலித்தனம்.

ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எடுப்பார்கள். மார்புக்கு அல்ட்ராசவுண்ட் அல்லது வயதைப் பொறுத்து மேமோகிராம் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஏதாவது கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் பை வைக்கக் கூடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். வீடு தேடி வந்து இந்த இரண்டையும் பரிசோதித்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அப்படியிருந்தும் தன் சர்க்கரை அளவு தெரியாமல் அறுவை மேசைக்கு வருபவர்கள் உண்டு. சர்க்கரை கூடினால் புண் ஆறாது, கிருமி புகும். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரைக் கேட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார்.

அன்றும் அதன் பிறகும்

பொதுவாக முழு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். சிலர் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் ஓசூர்க்காரர்களுக்கு என் யோசனை, ஒரு இரவு தங்குங்கள். மயக்கம் தெளிந்த உடம்போடு, நெஞ்சில் கட்டோடு, எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலிலும் அத்திப்பள்ளி வரிசையிலும் உட்கார்ந்து வருவது தண்டனை. அதைவிட முக்கியம், ரத்தக் கசிவு வந்தால் முதல் ஒரு நாளில்தான் பெரும்பாலும் வரும். அப்போது மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும்.

விழித்ததும் நெஞ்சின் மேல் யாரோ கல்லை வைத்த மாதிரி இறுக்கம் இருக்கும். பை தசைக்கு அடியில் வைத்தால் வலி கூடுதல். முதல் இரண்டு மூன்று நாள் மாத்திரை இல்லாமல் முடியாது. வீக்கம் இருக்கும், ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் தெரியும். அதைப் பார்த்து அழ வேண்டாம். வீக்கம் வடிந்து பை தன் இடத்தில் உட்கார மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். சிறப்பு பிராவை மருத்துவர் சொல்லும் வரை இரவு பகலாகப் போட வேண்டும்.

நடப்பது அன்றே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் ரத்தம் உறையலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் திரும்பலாம். ஆனால் அசெம்பிளி லைனில் கையை உயர்த்தி நிற்பவர்கள், பாரம் தூக்குபவர்கள் அப்படிப் போகக் கூடாது. அவர்களுக்கு சுமார் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் அதே கணக்குதான். 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்ப்பது, கிரைண்டர் கல்லைத் தூக்குவது, பரணில் இருந்து பாத்திரம் எடுப்பது, குழந்தையை இடுப்பில் தூக்குவது எல்லாம் நிற்க வேண்டும். சர்வீஸ் ரோடு வேகத்தடையில் ஸ்கூட்டர் ஓட்டுவதை மருத்துவர் சொல்லும் வரை மறந்துவிடுங்கள். இப்போது சொல்லுங்கள், வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் தெரியாமல் ஆறு வாரம் இதை எப்படி மறைப்பது? மறைப்பதற்காகவே மூன்றாம் நாள் கேன் தூக்கித் தையல் பிரிந்து வருபவர்கள் இருக்கிறார்கள். எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். வீட்டில் ஒருவரிடம், இல்லாவிட்டால் ஒரு தோழியிடமாவது சொல்லுங்கள்.

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கிக் கன்றிப்போவது, சிவந்து சுடுவது, சீழ், கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல் - இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். அறுவை செய்துகொண்டதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஆபத்துகள்

விளம்பரத்தில் வராத ஒன்று: இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் வருவதல்ல. எஃப்.டி.ஏ. சொல்லும் கணக்குப்படி, அழகுக்காக வைத்தவர்களில் 20 சதவீதம் வரை 8 முதல் 10 ஆண்டுக்குள் அதை எடுக்க வேண்டி வருகிறது. ஆகவே முப்பது வயதில் வைப்பவர், வாழ்நாளில் இன்னும் ஓர் அறுவையாவது வரலாம் என்று மனதிலும் பணத்திலும் தயாராக இருக்க வேண்டும். இ.எம்.ஐ. முடிவதோடு செலவு முடிவதில்லை.

உடம்பு அந்தப் பையைச் சுற்றி ஒரு சவ்வை உண்டாக்கும். அது இயற்கை. சிலருக்கு அந்தச் சவ்வு தடித்து இறுகி மார்பைக் கல்லாக்கி வலிக்கும். மறு அறுவைக்கு இது ஒரு முக்கியக் காரணம். காம்பில் உணர்ச்சி குறையலாம் அல்லது கூடலாம், சிலருக்கு அது திரும்பாமலே போகும். பலரால் பால் கொடுக்க முடியும், சிலருக்குப் பால் குறையும். நம் மாதிரி மாநிறத் தோலுக்குத் தழும்பு தடித்து மேலே எழும்பும் வாய்ப்பு வெள்ளைத் தோலைவிட அதிகம். காது குத்திய இடத்திலோ சிசேரியன் தழும்பிலோ உங்களுக்கு அப்படித் தடித்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சொரசொரப்பான உறை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். அந்த வகையோடு தொடர்புள்ள ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அது மார்பகப் புற்றுநோய் அல்ல, பையைச் சுற்றியுள்ள சவ்வில் வருவது. 2019 ஜூலையில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட கணக்கில் அதுவரை உலக அளவில் 573 பேருக்கு வந்து 33 பேர் இறந்திருந்தார்கள். அந்த மாதமே அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பு வகைகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று நீர் கோத்து வீங்கினால் உடனே காட்ட வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்துப் பையையும் சவ்வையும் முழுதாக எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். சோர்வு, மூட்டு வலி, ஞாபக மறதி என்று சிலர் சொல்கிறார்கள். எடுத்தபின் சிலருக்கு அது குறைந்திருக்கிறது. 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. இந்த ஆபத்துகளை எல்லாம் கட்டம் கட்டிய எச்சரிக்கையாக வைத்து, நோயாளி படித்துக் கையெழுத்திடும் ஒரு பட்டியலையும் கட்டாயமாக்கியது.

இம்ப்ளான்ட் வைப்பதால் சாதாரண மார்பகப் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பை இருப்பதால் மேமோகிராமில் சில பகுதி மறையும். எடுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால் பையைப் பின்னுக்குத் தள்ளிக் கூடுதல் படம் எடுப்பார். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் ஒரு கட்டி தப்பிப் போகலாம். சிலிக்கான் ஜெல் வைத்தவர்கள் ஐந்து ஆறு வருடத்தில் ஒரு முறையும், அதன் பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்ப்பது நல்லது.

எல்லை தாண்டும்போது கேட்க வேண்டியவை

மருத்துவரின் படிப்பைக் கேளுங்கள். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்து, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படித்தவரா? "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகை மட்டும் போதாது. மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களுக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் கர்நாடகத்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. இரண்டு மாநிலத்திலும் பதிவு அவசியம். பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்பது அவமரியாதை அல்ல.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதல் இன்னொரு சிகிச்சைக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து வந்தால் மட்டும் விலக்கு. "அதோடு சேர்த்து இதையும் செய்துவிட்டோம்" என்று பிறகு சொல்ல முடியாது.

கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அழகுக்கான சிகிச்சையைப் பொதுவாக பாலிசிகள் தருவதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு விதிவிலக்கு. அதற்குக் கேட்டால் கிடைக்கும், கேளுங்கள். அழகு சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயத்தால் வந்த சிதைவைச் சீராக்கும் சிகிச்சைக்கு விலக்கு உண்டு. சொன்ன தொகையில் வரி, மயக்க மருந்து, பிரா, மறு பரிசோதனை எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். பிரச்சினை வந்து மறு அறுவை செய்தால் யார் செலவு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

வீடு திரும்பும்போது இம்ப்ளான்ட் அட்டை கையில் இருக்க வேண்டும். கம்பெனி பெயர், வகை, அளவு, சீரியல் நம்பர், லாட் நம்பர், வைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒரு போட்டோ எடுத்து, நீங்கள் நம்பும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கேஸ் பைலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்பது மருத்துவ ஒழுங்குமுறை விதி.

தவறு நடந்துவிட்டால்? மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "ஆபரேஷன் கர்நாடகத்தில் நடந்தது, அங்கே போய் அலைய வேண்டுமே" என்று பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நம் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையமே போதும். ஆனால் ரசீது, படிவம், அட்டை இல்லாமல் எந்த ஆணையமும் ஒன்றும் செய்ய முடியாது. ரகசியமாகச் செய்தவர்களிடம் இல்லாமல் போவது இந்தக் காகிதங்கள்தான்.

கடைசியாக ஒன்று

வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காக, கல்யாணம் தள்ளிப்போகிறது என்பதற்காக, யாரோ கேலி செய்தார்கள் என்பதற்காக இந்த மேசையில் ஏறாதீர்கள். பை மார்பின் அளவைத்தான் மாற்றும், மற்றவர்கள் வாயை மாற்றாது. கண்ணாடி முன்னால் நின்று, வேறு யாரும் பார்க்காவிட்டாலும் எனக்கு இது வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டும் என்றால் இரண்டு மருத்துவரைப் பாருங்கள், ஒரு மாதம் யோசியுங்கள், அதன் பிறகு போங்கள். "இன்று அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி" என்று சொல்லும் இடத்தில் கட்டாதீர்கள். துணிக்கடைத் தள்ளுபடி வேறு, உடம்புக்குத் தள்ளுபடி வேறு.

இங்கே இருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் ஒரு பெண் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் சிரிக்காதீர்கள், கோபப்படாதீர்கள், "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் செய்துகொள்ளாமலே இருந்துவிடலாம், செய்தாலும் பத்திரமாகச் செய்வார். தண்ணீர் கேனை ஆறு வாரம் நீங்கள் தூக்குங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்தபின் தனியாக வந்து கேட்கலாம். எந்தப் பிளாக், எந்த வீடு என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.